மூக்களவிலிருந்து மரபணு வரை: சாதியை உடலில் தேடிய கதை



நினைவுரை என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேசி முடிப்பது பல இடங்களில் வழக்கம். நம் மன்றத்தில் அந்த வழக்கம் இல்லை. மறைந்த தோழருக்கு அதில் விருப்பமும் இருந்ததில்லை. ஒரு கேள்வியை எடுத்து, தெரிந்தவரை அதன் வேரைத் தோண்டிப் பார்ப்பதுதான் இங்கே நடந்துவருகிறது. நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: சாதி உடலுக்குள் இருக்கிறதா?

நம் சேலம், நாமக்கல் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெண் பார்க்கப் போகிறவர்கள் 'நம்ம ரத்தம்' என்றுதான் சொல்வார்கள். இப்போது சாதிச் சங்க மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ரத்தத்தின் இடத்தை 'நம்ம ஜீன்', 'நம்ம டி.என்.ஏ.' பிடித்துக்கொண்டது. சொல் மாறியிருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் அரிவாள் மாறவில்லை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதிசெய்தது. பேசிக்கொண்டிருந்ததற்காக ஒரு கொலை. அந்தப் பேச்சு திருமணமாகி, பிள்ளையாகி, 'நம்ம ரத்தத்தில்' கலந்துவிடுமோ என்ற அச்சம்தான் அதன் அடியில் இருந்தது. ஆகவே இந்தக் 'கலப்பு' பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்பது நமக்குப் பொழுதுபோக்கான பொது அறிவு அல்ல.

கதையை எட்கர் தர்ஸ்டனிடமிருந்து தொடங்குகிறேன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர். 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்று ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் நம் ஊரில் சாதி வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். அவர் கையில் எப்போதும் ஓர் அளவுகோல் கவை இருந்தது. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் என்று மனிதர்களைப் பிடித்து நிறுத்தி அளந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து, மதராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். இதை அவரே தன் நூலின் முன்னுரையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. அந்தப் பெண்கள் நிலைமையை ஏறக்குறைய சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வடக்கே இதே வேலையைச் செய்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மூக்கு அகலமாக அகலமாகச் சமூக நிலை தாழும் என்பது அவர் கண்ட 'விதி'. ஆரியர் ஓர் இனம், மற்றவர் வேறு இனம், சாதி என்பது அந்த இனங்களின் அடுக்கு என்பது அதன் சாரம். அளவெடுக்கும் இந்தக் கலையைத் தர்ஸ்டன் காவல்துறையினருக்கும் கற்றுக்கொடுத்தார். 1911இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டு, குறவர் உள்ளிட்ட சமூகங்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டன. மியூசியமும் காவல் நிலையமும் ஒரே கருவியைப் பயன்படுத்தின என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவேன்.

இந்த மூக்கு ஆராய்ச்சி உச்சத்தில் இருந்த காலத்தில்தான், 1916 மே 9 அன்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்ற அந்தக் கட்டுரை மறு ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் அதில் மூக்கை அளக்கவில்லை, திருமணத்தைப் பார்த்தார். இந்திய மக்கள் கலந்துபோனவர்கள். குலம் விட்டுக் குலம் மணக்கும் புறமண முறை இங்கே பழையது. அதன் மேல் பின்னால் வந்து ஏறிய அகமண முறைதான் சாதி என்பது அவர் வாதம். ஒரு கூட்டம் தன்னை அடைத்துக்கொண்டால் துணையிழந்த பெண்ணும் துணையிழந்த ஆணும் 'உபரி' ஆகிறார்கள். அந்த உபரியைச் சமாளிக்கத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம். முதலில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பார்ப்பனர்கள். மற்றவர்கள் சிலர் அவர்களைப் பார்த்துச் சாத்தினார்கள், சிலர் தங்கள் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டதைக் கண்டார்கள். அதாவது முதலில் கலப்பு, பிறகு சுவர். இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதி நல்ல வித்தைக் காப்பாற்றும் ஏற்பாடு என்ற வாதத்தையும் அவர் எதிர்கொண்டார். பஞ்சாபிப் பார்ப்பனரும் பஞ்சாபிச் சமாரும் ஒரே வழி வந்தவர்கள், சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே வழி வந்தவர்கள் என்று வாதிட்டார். வித்தைக் காப்பாற்றியிருந்தால் இந்த நாட்டு மக்கள் ஏன் இப்படி நலிந்துபோனார்கள் என்றும் கேட்டார். குர்யே 1932இல் ரிஸ்லியின் கணக்குகளை ஆராய்ந்து, மூக்கு விதி இன்றைய உத்தரப் பிரதேசத்துக்கு வெளியே நிற்கவில்லை என்று காட்டியிருந்தார். 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர் அந்த மூக்களவுகளையே எடுத்து எதிராளியின் பக்கம் திருப்பினார். இந்த அளவை அறிவியல் என்றால், பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்றுதான் அது காட்டுகிறது என்றார்.

அண்ணல் அதை எழுதிய காலத்தில் ஜீன் எந்தப் பொருளால் ஆனது என்பதே பெரும்பாலோருக்குத் தெளிவாகவில்லை. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல்தான் வெளிவந்தது. இனி அறிவியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மாணவத் தோழர்கள் பள்ளியில் படித்ததுதான்.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 இணைக் குரோமோசோம்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. ஒரு தொகுதியில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகள் சுமார் 300 கோடி இடங்களில் வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசையில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிதான் ஜீன். மனிதருக்கு ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. ஜீன் கட்டளையிடும் தெய்வம் அல்ல, அது ஒரு செய்முறைக் குறிப்பு. எந்த உயிரணுவில், எப்போது, எவ்வளவு செய்வது என்பதை வேறு பல சங்கதிகள் முடிவு செய்கின்றன. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் ஒரே குறிப்பேடுதான், திறந்திருக்கும் பக்கங்கள்தான் வேறு. நேர்மைக்கோ வீரத்துக்கோ 'ஆண்ட பரம்பரை'க்கோ ஒரு ஜீன் இல்லை.

ஒரே ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மேற்கு மலையே சாட்சி. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் வடிவச் சிவப்பணு அங்கே இருப்பதைக் கண்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று அதுவரை நம்பப்பட்டது அது. பதினோராவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் ஜீனில் ஓரிடத்தில் 'ஏ'க்குப் பதில் 'டி' நிற்கிறது. அதனால் 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்காருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் வெர்னன் இங்கிராம், 1956-57இல். அந்த ஒரு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாகிறது. சிவப்பணு வளைந்து அரிவாளாகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. எலும்புக்குள் தாங்க முடியாத வலி.

இந்தப் பிழை அழிந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் மலேரியா. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த ஜீனைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் வருவதில்லை, கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆன்டனி அலிசன் 1954இல் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். ஆகவே வயநாடு, நீலகிரி அடிவாரம் போன்ற மலேரியாக் காடுகளில் வாழ்ந்தவர்களிடம் அது தங்கியது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. விதர்பாவில் மகர்களிடமும் இது காணப்படுகிறது. அண்ணலின் சொந்தச் சமூகம். இதை யாராவது 'தாழ்ந்த ரத்தம்' என்று சொல்லத் துணிந்தால், கொசுவைக் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே கொஞ்சம் கோழிப்பண்ணைப் பக்கம் போய்வர வேண்டும். நாமக்கல்லில் பேசிவிட்டுக் கோழியைத் தொடாமல் போனால் நியாயமில்லை. மெண்டலின் பாரம்பரிய விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதலில் காட்ட உதவியவற்றில் கோழியின் கொண்டை ஒன்று. இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் 1902இல் அதை வெளியிட்டார். இன்று நம் பண்ணைகளில் முட்டையிடும் வெள்ளைக் கோழி எப்படி வருகிறது? தூய வழிகளைத் தனித்தனியே பல தலைமுறை அடைத்து வளர்க்கிறார்கள். பிறகு ஒரு வழியை இன்னொரு வழியோடு கலக்கிறார்கள். அந்தக் கலப்புகளை மறுபடியும் கலக்கிறார்கள். கடைசியில் பண்ணைக்கு வருவது கலப்பின் கலப்பு. கலந்ததில்தான் உயிர்ப்பும் முட்டையும் அதிகம். அடைத்து வைத்த வழியில் மறைந்திருக்கும் கேடுகள் தலைதூக்கும் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் இந்தக் கணக்கில் லாபம் பார்த்துவிட்டு, இரவு சங்கக் கூட்டத்தில் 'தூய வித்து' பற்றிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோழிக்குத் தெரிந்த மரபியல் மேடைக்குத் தெரியவில்லை.

2001ஆம் ஆண்டு நான் மாணவப் பருவத்தில் இருந்தேன். டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு. அதில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போராடின. சாதி வேறு, இனம் வேறு என்று சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் கடுமையாக எழுதினார். அதே ஆண்டில் பாம்ஷாட் குழு ஆந்திரச் சாதிகளின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து, மேல்சாதியினர் ஐரோப்பியருக்கு நெருக்கம் என்று ஓர் ஆய்வை வெளியிட்டது. எங்களில் சிலருக்கு மகிழ்ச்சி: பாருங்கள், அவர்கள் வந்தேறிகள் என்று நிரூபணமாகிவிட்டது! நானும் அந்த மகிழ்ச்சியில் இருந்தவர்களில் ஒருவன். இப்போது யோசித்தால், ரிஸ்லியின் கவையை நாங்களே கையில் எடுத்திருந்தோம். சாதியக் கொடுமையை உலக அரங்கில் பேச மூக்கோ மரபணுவோ வேறாக இருக்க வேண்டியதில்லை, கொடுமை நடந்தால் போதும் என்ற எளிய விஷயம் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

பிறகு வந்தவைதான் பெரிய ஆய்வுகள். ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் ஒன்று, பிரியா மூர்ஜானி முதல் ஆசிரியராக 2013இல் இன்னொன்று. இரண்டாவது ஆய்வில் 73 குழுக்கள். இந்திய நிலப்பரப்பில் அவர்கள் பார்த்த குழுக்கள் அனைத்தும் இரண்டு பழைய மூதாதை மக்களின் கலப்பு, விகிதம்தான் வேறு வேறு. அந்தக் கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. பிறகு நின்றுபோனது.

நின்ற காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இளம்பிள்ளைப் புடவையை வைத்துச் சொல்கிறேன். ஒரு சிவப்புப் புடவையும் ஒரு வெள்ளைப் புடவையும் எடுத்து, வெட்டி, மாற்றி மாற்றித் தையுங்கள். முதல் முறை பட்டைகள் அகலமாக இருக்கும். தைத்ததை மறுபடி வெட்டித் தைத்தால் பட்டை சிறுக்கும். குரோமோசோம் இணைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படி வெட்டிக் கோத்துக்கொள்கின்றன. பட்டையின் அகலத்தை அளந்தால் எத்தனை தலைமுறைக்கு முன் தைக்கத் தொடங்கினார்கள் என்று தெரியும். 2016இல் பார்த்த மஜும்தார் குழு இதே வழியில், மேல்சாதிகள் பலவற்றில் கலப்பு சுமார் 70 தலைமுறைக்கு முன் திடீரென நின்றது என்றது. அது குப்தர் காலத்தை ஒட்டி வருகிறது. தரும சாத்திரங்கள் ஆட்சியின் கையில் சட்டமான காலம்.

முதலில் கலப்பு, பிறகு சுவர். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடம் இல்லாமல், திருமண விதிகளை மட்டும் படித்து ஒருவர் வந்தடைந்த வரிசை இது.

இதை மட்டும் சொல்லி இறங்கிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அது பாதி உண்மை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழு தமிழ்நாட்டின் 12 பழங்குடி, 19 பிற சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2012இல் வேறொரு படத்தைத் தந்தது. இங்குள்ள பிரிவினை வருணத்துக்கு முந்தியது, வேளாண்மை பரவிய காலத்தோடு தொடர்புடையது, 4,000 முதல் 6,000 ஆண்டுகள் பழையது என்று. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. அம்மா, அம்மாவின் அப்பா, பாட்டிகள் யாரும் அதில் இல்லை. பத்துத் தலைமுறை பின்னே போனால் உங்களுக்கு 1,024 மூதாதை இடங்கள், ஒய் அதில் ஒரே ஒருவரின் கதையைச் சொல்கிறது. ஆகவே முழு மரபணுத் தொகுதியின் சாட்சியத்துக்கே நான் கூடுதல் எடை தருகிறேன். ஆனால் தமிழகத்தில் எல்லாப் பிரிவினையும் பார்ப்பனர் வந்த பிறகுதான் என்ற நம் வசதியான கதையையும் அந்த மதுரை ஆய்வு கேள்வி கேட்கிறது. கேட்கட்டும். நிலமும் நீரும் யார் கையில் என்ற சண்டை வருணத்துக்கு முன்பே தொடங்கியிருக்க இடமுண்டு.

சுவர் எழுப்பியவர்களை அது சும்மா விடவில்லை. ஆந்திரத்து வைசியர், நம்மூரில் ஆரிய வைசியச் செட்டியார் என்று அறியப்படுவோர், வசதியான வணிகச் சமூகம். அவர்களிடையே ஒரு நொதிக் குறைபாடு அதிகம். அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தை அந்த உடல் உடனே உடைக்க முடியாது. சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பாது. அடைபட்ட குழுவில் ஒரு முன்னோரின் மறைந்த பிழை பல வீடுகளில் இருக்கும். இரு பக்கமிருந்தும் வந்து சேரும்போது வெளிப்படும். 2017இல் வெளியான ஆய்வொன்று, தெற்காசியாவில் 81 குழுக்கள் இவ்வகையில் ஃபின்லாந்தினரையும் அஷ்கெனாசி யூதர்களையும் விஞ்சுகின்றன என்றது. இன்னொரு பக்கம், தண்டபாணி முதல் ஆசிரியராக 2009இல் மதுரையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு ஒன்று. இதயத் தசைப் புரதத்தின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இதயச் செயலிழப்புக்கு வழிவகுக்கிறது. இந்தியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருக்கிறது. சுவர்களுக்கு வெகு முன்பே தோன்றியதால் சாதி, மொழி தாண்டிப் பரவியிருக்கிறது. அக்கிரகாரத்திலும் சேரியிலும் ஒரே விடுபட்ட 25 எழுத்துகள்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். அருந்ததியர், பறையர், தேவேந்திரர் மூன்று பிரிவினரும் இந்த மாவட்டங்களில் ஒரே பேருந்தில் கூட்டத்துக்கு வருகிறோம். கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பதில்லை. ஒரே பிரிவுக்குள்ளும் தாய்மாமன், அத்தை மகன் என்றுதான் தேடுகிறோம். தாய்மாமன் மணத்தில், குழந்தைக்கு ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை, மாமன் பிள்ளைகள் மணத்தில் பதினாறில் ஒன்று. இதைச் சொன்னால் 'சொந்தம் விட்டுப்போகும்' என்று நம் அம்மாக்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் பொய்யல்ல. கஷ்டத்தில் கைகொடுத்தது அந்தச் சொந்தம்தான். ஆனால் நம் பிரிவுதான் ஆதிக்குடி என்று மரபணு அட்டவணையைப் பகிரும் நம் இளைஞர்களைக் கண்டால் எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே வருகிறது.

2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 17 மாநிலங்கள், 40 வயது வரை 7 கோடிப் பேருக்குச் சோதனை, 2047 இலக்கு. சோதித்தவருக்கு நிறம் பிரித்த அட்டை. தமிழ்நாடும் அதில் உண்டு. அட்டையைப் பார்த்து இணை தேடச் சொல்வது எளிது, வலியில் துடிக்கும் பிள்ளைக்கு மலையில் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் ரத்தமும் கிடைக்கச் செய்வது கடினம். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை அந்தக் கடினமான வேலையைப் பல ஆண்டுகளாகப் பழங்குடி ஊழியர்களைக் கொண்டே செய்துவருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்நோயும் ஒன்று. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் முகாம் நடக்கும்போது சோதனை எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், சான்றிதழ், சிகிச்சை, அட்டையின் ரகசியம் பற்றியும் நம் தோழர்கள் கேட்க வேண்டும்.

கடைசியாக, சொன்னபடி கவைக்கும் காவல் நிலையத்துக்கும் திரும்புகிறேன். 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அடுத்த மாதம் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நீதிமன்ற அனுமதியோடு டி.என்.ஏ. மாதிரி எடுக்க முடிவானபோது, பாதிக்கப்பட்ட அந்தக் குடியிருப்பு மக்களிடமே மாதிரி கேட்டார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். பணியர் பெண்கள் ஓடியதைப் போல இவர்கள் ஓடவில்லை. எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டார்கள். தண்ணீரில் கரைந்து நாள்பட்ட மாதிரியோடு சுமார் முப்பது பேரின் டி.என்.ஏ. ஒப்பிடப்பட்டது. யாருடையதும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில், அதே வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித்துகள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது.